நடந்து கடந்தவர்கள்: இல்லை

புறவழிச்சாலை நல்ல சாலை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை அநியாயமாகிவிடும். கடலூரிலிருந்து சென்னைக்குப் போகிற லாரிகளெல்லாம் முன்பு அரியாங்குப்பம் கடைத்தெருவில் மூச்சு முட்டி, ஆற்றுப் பாலத்தில் வரிசை கட்டி, புதுச்சேரி டவுனுக்குள் புகுந்து, பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று ஹாரன் அடித்து, ஊரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் போகும். இப்போது தவளக்குப்பத்தில் பிரிந்து, அரியாங்குப்பத்தைக் கிழக்கே சுற்றி, கடலூர் ரோட்டுக்கு மேலேயே பாலமாக ஏறி மேற்கே இறங்கி, டவுன் பக்கம் தலைகாட்டாமல் திண்டிவனம் ரோட்டைப் பிடித்துவிடுகின்றன. ஏன் முதலில் கிழக்கே சுற்ற வேண்டும், நேராக மேற்கே போனால் ஆகாதா என்று கேட்டால், மேற்கே பிளாட் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்த வம்பு நமக்கெதற்கு.

செந்தமிழ்ச்செல்வியும் தினமும் அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போகிறாள். வாழ்க்கைப்பட்ட இடம் தவளக்குப்பம். சாலைகளைக் கவனிக்கிற பொறியாளர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. கடிதம் அடிப்பது, கம்ப்யூட்டரில் பதிவு போடுவது. முன்பு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் ஆகும், இப்போது இருபது நிமிஷம். அந்த இருபதில் ஒரே ஒரு நிமிஷம்தான் அவளுக்கு ஆகாது. இரண்டாம் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் இடுப்பளவுக்குக் கான்கிரீட் சுவர் வரும். அங்கே வந்துவிட்டால் அவள் கண் இடமும் வலமும் திரும்பாது, கை மட்டும் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்.

வலப்பக்கம், சுவருக்கு அந்தாண்டை, அவள் பிறந்த குப்பம். போன ஐப்பசியில் அந்தச் சுவரண்டைதான் அஞ்சலாட்சிக்குக் கால் முறிந்தது.

குப்பத்துப் பெண்கள் விடிந்ததும் கரையில் மீன் ஏலம் எடுப்பார்கள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வயலுக்கு நடுவே மண் பாதையில் பத்து நிமிஷம் நடந்தால் கடலூர் ரோடு. அங்கே குத்புதீனின் பஞ்சர் கடை வாசலில் டெம்போ வரும். அதில் ஏறினால் பெரிய மார்க்கெட். தண்ணி சொட்டுகிற கூடையைக் காலையில் எந்த ஷேர் ஆட்டோக்காரனும் ஏற்ற மாட்டான். மதியம் மீன் விற்றுத் திரும்பும்போது அதே ஆட்டோக்காரன் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, அரியாங்குப்பத்துத் தார் ரோடு வழியாகக் குப்பத்து வாசலிலேயே இறக்கிவிடுவான். ஆக, அந்த மண் பாதை அவர்களுக்கு ஒரு வேளைப் பாதை. காலையில் மட்டும், போக மட்டும்.

அந்தப் பாதையைத்தான் புறவழிச்சாலை குறுக்கே வெட்டிவிட்டது. பக்கத்தில் ஓடுகிற வாய்க்காலுக்குக் குழாய் பதித்து அடியில் வழி விட்டார்கள். பெண்களுக்கு விடவில்லை. சுரங்கப்பாதை வேண்டுமென்றால் தவளக்குப்பம் முனை வரை இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். ஈரக் கூடையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போவதற்குள் டெம்போ மார்க்கெட்டிலேயே இருக்கும். ஆகவே அவர்கள் சுவர் ஏறினார்கள். கூடையைச் சுவர்மேல் வைத்து, ஏறிக் குதித்து, வண்டி பார்த்து ஓடி, அடுத்த சுவரில் மறுபடியும் ஏறினார்கள். ஒன்றரை வருஷம் தெய்வம் கண் திறந்து பார்த்தது. போன ஐப்பசியில் ஒரு காலை கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அஞ்சலாட்சிக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டாவது சுவரண்டை போவதற்குள் ஒரு கார் இடித்துவிட்டது. கார் நிற்கவில்லை, நிற்கிற சாலையா அது? தொடையெலும்பில் கம்பி வைத்து அனுப்பினார்கள். இனிமேல் தலையில் கூடை ஏறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அஞ்சலாட்சி செல்விக்குச் சொந்தக்காரி இல்லை. அதைவிடக் கொஞ்சம் அதிகம். நிறைந்த மீன் கூடையை எவளும் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. எதிரே ஒருத்தி நின்று கை கொடுக்க வேண்டும். அதனால் குப்பத்துப் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் தொழிலுக்குப் போவார்கள். செல்வியின் அம்மா கண்ணகிக்கு அஞ்சலாட்சிதான் கை, அஞ்சலாட்சிக்குக் கண்ணகி கை. இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போய் வந்தார்கள். செல்வி கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது கண்ணகி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பரீட்சை முடியும் வரை செல்விக்கு அஞ்சலாட்சி வீட்டில்தான் சோறு. கண்ணகி இடத்துக்கு அஞ்சலாட்சி வேறு ஜோடி சேர்த்துக்கொள்ளவில்லை. யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுக் கூடையை ஏற்றிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரிக்குச் செல்வியும் எல்லோரையும்போல ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனாள். கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். பெரியம்மா, பெரியம்மா என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு எழுந்தாள். திரும்பி வரும்போது புறவழிச்சாலையை விட்டுவிட்டு, நெரிசலில் இடிபட்டு, பழைய ரோட்டிலேயே வந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு நான்கு வருஷமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது, இப்போது குத்தத் தொடங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துத் தலைவர் சுப்ரமணி அவள் வீட்டுக்கு வந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு வாங்கிய மூன்று ஜெராக்ஸ் தாள்கள் கையில் இருந்தன. சாலை போடுவதற்கு முன்னால் ஒரு கம்பெனி வந்து கணக்கெடுத்ததாம். அதைப் பார்த்துத்தான் எங்கெங்கே சுரங்கப்பாதை என்று முடிவு செய்தார்களாம். எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, குப்பத்தில் படித்தவள் நீதான், வாசித்துச் சொல்லு என்றார்.

செல்வி தாளை வாங்கினாள். வாசிக்கத் தேவையே இல்லை. கால் மணிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஐந்து ஐந்தாகக் கோடு. சைக்கிள், பைக், கார், பஸ், லாரி. ஓரத்தில் கடைசிப் பத்தி, நடந்து கடந்தவர்கள். அதில் மூன்று நாளும், ஆறிலிருந்து இரண்டு வரை, வரிசையாகப் பூஜ்யம். பூஜ்யத்தின் தலையில் சின்னதாக ஒரு சுழி. கணக்கு வாத்தியார் எத்தனை தரம் திட்டியும் அவள் விடாத சுழி அது. கீழே கையெழுத்து ஜெராக்ஸில் கரிந்துபோய் யாருடையது என்று தெரியாமலிருந்தது.

"என்னா போட்டிருக்கு?" என்றார் சுப்ரமணி.

"நடந்து கடந்தவர்கள் இல்லைன்னு போட்டிருக்கு மாமா."

"இல்லையா? இருவத்தி மூணு பொம்பளைங்க தெனம் கூடையோட போனாங்க, அவன் கண்ணுல என்னா மண்ணா? எந்தப் பாவி இத எழுதினானோ, அவன் வீட்டுப் பொம்பள செவுரு ஏறி வுழணும், அப்பதான் தெரியும்."

செல்வி உள்ளே போய்க் காபி போட்டாள். பாலைப் பொங்கவிட்டு, அடுப்பைத் துடைத்து, மறுபடி பால் வைத்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தைக் கூடுமானவரை தள்ளிப்போட்டாள். சுப்ரமணி காபியைக் குடித்துவிட்டு, நல்லா இரும்மா என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

நான்கு வருஷத்துக்கு முந்திய மாசி மாசம் அது. பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவளுக்கு ஒரு தனியார் கம்பெனியில் தற்காலிக வேலை கிடைத்தது. ரோடு போடுகிற கம்பெனி என்று மட்டும்தான் குப்பத்தில் சொன்னாள். மீதியை அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டாள். கண்ணகி பொண்ணு ரோட்டு இஞ்சினீரு, ஏசி ரூம்புல வேலை என்று பெரிய மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஐஸ் வெட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் வேலை என்னவென்றால், பளபளக்கிற பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு, ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வண்டிக்கும், மண் பாதையில் நடந்து வருகிற ஆளுக்கும் ஒரு கோடு போடுவது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ, குத்புதீனின் பஞ்சர் கடை வாசல். அவள் அந்த ஊர்க்காரி என்று கம்பெனிக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை.

முதல் நாள் ஆறே முக்காலுக்கு மண் பாதையில் பேச்சுக் குரல் கேட்டது. பெண்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அஞ்சலாட்சியின் சிரிப்பு வந்துவிட்டது. செல்வி அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடையின் பக்கவாட்டில் லாரி டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெட்கம், வேறொன்றும் இல்லை. இஞ்சினீர் என்று ஊரெல்லாம் சொல்லப்பட்டவள் பச்சைச் சட்டையும் தொப்பியுமாக ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது. இரண்டு நிமிஷம்தானே என்று நினைத்தாள்.

டெம்போ அன்று கால் மணி நேரம் தாமதம். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். வண்டி வந்ததும் ஜோடி ஜோடியாகக் கை கொடுத்து ஏற்றிக்கொண்டார்கள். அஞ்சலாட்சி மட்டும் கூடைக்கு முன்னால் நின்று, யாராவது கை கொடுப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். செல்வி பத்தடி தூரத்தில் நின்றாள். கடைசியில் குத்புதீன்தான் கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து தூக்கிவிட்டார்.

டெம்போ போனபிறகு செல்வி நாற்காலிக்குத் திரும்பினாள். குத்புதீன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு டயர் கழற்றப் போனார். அட்டையில் கடைசிப் பத்தி காலியாக இருந்தது. இருபத்துமூன்று பேர் என்று அவளுக்குத் தெரியும்; கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்வாள். ஆனால் எண்ணுபவர் கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது கம்பெனியின் முதல் விதி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் மீறாத விதியை அன்றுதான் ரொம்பக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டது, உலகம் இருட்டாகிவிட்டது, பூஜ்யம்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஆறரைக்கே போய் டயர்களுக்குப் பின்னால் நின்றாள். யாரும் வரவில்லை. கடலில் மீன்பாடு இல்லை போலிருக்கிறது என்று நினைத்து நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது அவளால் மன்னிக்க முடியவில்லை.

சுப்ரமணி வந்துபோன அன்று ராத்திரி சாப்பாட்டின்போது புருஷன் எழிலரசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டவுனில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான், நிதானமான ஆள். பங்குனியில் உன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், இந்த நேரத்தில் பொய்க் கணக்கு எழுதினேன் என்று நீயே போய் நின்றால் யார் வேலையில் வைப்பார்கள் என்றான். நீ சொல்லித்தான் ஆக வேண்டுமென்று இல்லையே, திரும்பக் கணக்கெடுக்கச் சொல்லி அவர்கள் மனுப் போடட்டும், எண்ணினால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்றான். பொய் சொல்லச் சொல்லவில்லை, சும்மா இரு என்றுதான் சொல்கிறேன் என்றும் சொன்னான்.

செல்விக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. சும்மா இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. சுப்ரமணியிடம் அவளே மனு எழுதிக் கொடுத்தாள்.

மனுவுக்குப் பதில் அவள் அலுவலகத்திலிருந்துதான் போயிற்று. கைப்பட எழுதிய வரைவு அவள் மேசைக்கு வந்தது, அவள்தான் அடிக்க வேண்டும். மேற்படி இடத்தில் தற்போது தடுப்புச் சுவர் உள்ளதால் பாதசாரிகள் கடக்க வழியில்லை. சுவர் ஏறுவோரைக் கணக்கில் சேர்க்க விதியில்லை. சாலை அமைவதற்கு முன் எடுத்த கணக்கே செல்லும். அதன்படி நடந்து கடந்தவர்கள் இல்லை. செல்வி ஒரு தரம் படித்தாள். சுவர் எழும்பிவிட்டது, இனி எந்த நாளில் யார் வந்து எண்ணினாலும் அங்கே பூஜ்யம்தான். அந்த மூன்று நாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது, அந்த மூன்று நாளுக்கு அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள்.

அஞ்சலாட்சி வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கருவாட்டுக்கு வாளை மீனைக் கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நடக்க வைத்துப் பழக்குகிற இரும்பு ஸ்டாண்டு. செல்வி கட்டில் காலண்டை தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கணக்கை எழுதியது நான்தான், உங்களைப் பார்த்து வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டேன், பூஜ்யம் போட்டேன், உங்கள் கால் போனது என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அஞ்சலாட்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

"டயருக்குப் பின்னால நின்ன. தெரியும்டி."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"டயருக்குக் கீழ உன் காலு தெரிஞ்சுது. சுண்டு விரலு தரையில படாம தூக்கிக்கினு நிக்கும், கண்ணகி காலு மாரியே. பச்சச் சட்டையும் பாத்தேன். புள்ள வெக்கப்படுதுன்னு தெரிஞ்சிபோச்சி. நான்தான் ஊரெல்லாம் இஞ்சினீருன்னு சொல்லி வெச்சிட்டேனே."

"அப்ப ஏன் பெரியம்மா கூப்புடல?"

"கூப்புட்டா உன் மானம் போவாதா? அதான் மறாநாளு எல்லாரையும் வாய்க்கா கர வழியா அடுத்த முனைக்குக் கூட்டிக்கினு போயி டெம்போ ஏத்திட்டேன். அர மைலு கூட நடந்தா என்னா, செத்தா போயிடுவோம்? நீ எத்தினி நாளு ஒக்காந்திருப்பன்னு குத்புதீன் பாய்கிட்ட கேட்டேன். மூணு நாளுன்னாரு. மீதி ரெண்டு நாளும் ஒருத்தியும் அந்தப் பாதையில கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

இவ்வளவு நாளும் மூன்று பூஜ்யத்தையும் தன் பொய் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் பூஜ்யம்தான் பொய். மற்ற இரண்டும் நிஜம். அவளுக்காக இருபத்துமூன்று பெண்கள் ஈரக் கூடையோடு சுற்றிப் போனதால் வந்த நிஜம். அதைத் தட்டுத் தடுமாறிப் பெரியம்மாவுக்கு விளக்கினாள். வண்டியை மட்டும் எண்ணவில்லை, ஆட்களையும் எண்ணினார்கள், அந்த மூன்று நாளில் யாரும் நடக்கவில்லை என்றுதான் அங்கே வழி வைக்கவில்லை என்றாள்.

அஞ்சலாட்சி கம்பி வைத்த தொடையைத் தடவிப் பார்த்தாள்.

"ஆளையும் எண்ணுவாங்கன்னு எனக்கென்னாடி தெரியும். அப்ப என் கால நானே ஒடிச்சிக்கினேன்னு சொல்லு."

திட்டியிருக்கலாம், கருவாட்டுக் கத்தியை எடுத்து வீசியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். வரும் வியாழக்கிழமை தவளக்குப்பத்தில் அதிகாரிகள் வந்து மக்களிடம் குறை கேட்கிறார்கள், அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அஞ்சலாட்சி கையை ஓங்கிவிட்டாள். கண்ணகி பெண் ஒளிந்துகொண்டாள் என்று சபையில் பேச்சு வரக் கூடாது, நீ வாயைத் திறந்தால் என் வீட்டு வாசப்படி மிதிக்காதே, நானே வந்து பேசிக்கொள்கிறேன் என்று ஒரே பிடியாகச் சொல்லி, மறுபடி வாளையை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காருகிற மேடையில் நீளமாக ஒரு மேசை. நடுவில் செயற்பொறியாளர் ஹேமலதா, ஓரத்தில் லேப்டாப்போடு செல்வி. பேசுகிறவர்கள் பேசுவதை அடிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். எதிரே குப்பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று டயர் இடுக்கில் பார்த்தவர்களை இன்று மேடையிலிருந்து பார்த்தாள். அன்றைக்காவது ஒளிய இடம் இருந்தது.

பின் வரிசையில் குத்புதீன் இருந்தார். லாரியெல்லாம் புறவழிச்சாலைக்குப் போய்விட்டதால் பழைய இடத்தில் வியாபாரம் படுத்து, கடையைத் தவளக்குப்பத்துக்கே மாற்றிக்கொண்டவர். தினமும் செல்வியின் ஸ்கூட்டர் அவர் கடையைத் தாண்டித்தான் போகும். இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சுப்ரமணி முதலில் பேசினார். ஹேமலதா பொறுமையாகக் கேட்டார், அந்த மூன்று தாளையும் புரட்டினார். மோசமான அதிகாரி இல்லை அவர். தினமும் இருபத்துமூன்று பேர் போனார்கள் என்கிறீர்கள், இதில் மூன்று நாளும் ஒருவர்கூட இல்லை, ஒரு நாள் என்றால் எண்ணியவர் தப்பு எனலாம், மூன்று நாளும் எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுப்ரமணி திரும்பிப் பெண்களைப் பார்த்தார்.

அஞ்சலாட்சி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"அந்த மூணு நாளு நாங்க வாய்க்கா கர மேல போனோம்மா. பாதையில தண்ணி நின்னுது, முட்டிக்காலு தண்ணி. கூடையோட எப்பிடிப் போறது."

மற்றப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துவிட்டு, ஆமாம் தண்ணி தண்ணி என்றார்கள். செல்வி அடித்தாள். பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்ததாக. ஹேமலதா தாளின் மேல் மூலையைப் பார்த்தார். அங்கே வானிலை என்று ஒரு கட்டம். அதில் மூன்று நாளும் 'வறண்டது' என்று அதே கை எழுதியிருந்தது.

"மாசி மாசத்துல எங்கம்மா தண்ணி?" என்றார் ஹேமலதா. கோபமாகச் சொல்லவில்லை. தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். அடுத்த மனுவைக் கூப்பிடப் போகிறார் என்பது அதிலேயே தெரிந்தது.

அஞ்சலாட்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அறுபத்திரண்டு வயதில், ஊர் நடுவில், பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு. அந்தப் பேரும் செல்விக்காகத்தான்.

செல்வியின் விரல் நின்றுவிட்டது.

"தண்ணி இல்ல மேடம்," என்றாள். "நான் இருந்தேன்."

ஹேமலதா திரும்பிப் பார்த்தார். செல்வி எழுந்து நின்றாள். அந்தத் தாள்களில் இருப்பது என் எழுத்து என்றாள். பூஜ்யத்தின் தலையில் உள்ள சுழியைக் காட்டி, லேப்டாப் பக்கத்தில் கிடந்த காகிதத்தில் அதேபோல ஒன்று போட்டும் காட்டினாள். முதல் நாள் இருபத்துமூன்று பேரும் அந்தப் பாதையில்தான் வந்தார்கள், நான் டயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால் எழுதவில்லை என்றாள். அடுத்த இரண்டு நாள் அவர்கள் சுற்றிப் போனது தண்ணீருக்காக அல்ல, நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காக என்றாள். பிறகு மேசையைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு, அந்தப் பெண்களைப் பார்த்து, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொருத்தியாகப் பேர் சொன்னாள். இரண்டு பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள், அவர்கள் பேரையும் சொன்னாள். இருபத்துமூன்று வந்தது.

சுப்ரமணி அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவள் போட்டுக் கொடுத்த காபி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து குத்புதீன் எழுந்து, அந்தப் பொண்ணு சொல்றது நெசம் மேடம், அன்னிக்கிக் கூடையைத் தூக்கிவுட்டது நான்தான், எங்க வேணாலும் வந்து சொல்றேன் என்றார்.

நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கோப்பைத் திரும்பத் திறக்க முடியுமா என்று மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார் ஹேமலதா. முடியும் என்று சொல்லவில்லை. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, திங்கட்கிழமை வந்ததும் என் அறைக்கு வாங்க என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று செல்விக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. குப்பத்துப் பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தியும் பேசவில்லை, ஒருத்தியும் ஏசவில்லை. காரியத்தில் பாதி தேறிவிட்டது, ஆனால் மனசு லேசாகவில்லை. லேசாகிவிடும் என்று நம்பித்தான் சொன்னாளோ என்று நினைத்தபோது அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. சுவர் அப்படியே நிற்கிறது, அந்தக் கால் இனிக் கூடை சுமக்காது.

அஞ்சலாட்சி மட்டும் நாற்காலியிலேயே இருந்தாள். எழுந்திருக்க வேண்டும், ஸ்டாண்டைப் பிடித்தாள், முடியவில்லை. யாராவது கை கொடுப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். சுப்ரமணி ஓடி வந்தார். அவரை நீ இருப்பா என்று தள்ளிவிட்டாள். பின்னால் வந்த குத்புதீனையும் வேண்டாம் என்றாள். அப்புறம் மேடைப் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"சபையில சொல்லாதன்னு சொன்னேன், கேக்கல. கண்ணகி இருந்திருந்தா உன்ன வெளக்குமாத்தால அடிச்சிருப்பா," என்றாள். "என்னாடி பாத்துக்கினு நிக்கிற? வந்து கை குடு."

செல்வி மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். எதிரே நின்று, குனிந்து, இரண்டு கையையும் கொடுத்தாள். அஞ்சலாட்சி அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்து எழுந்தாள், முழுக் கனமும் செல்வியின் கையில் இறங்கியது.